காப்ளின் குட்டியைக் கொல்லலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில், எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஞாயிறுதோறும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டை நடத்துகிறேன். போன வாரம் குகைக்குள் காப்ளின் (ஆட்டத்தில் வரும் குள்ள மான்ஸ்டர் இனம்) குட்டிகள் ஒளிந்திருப்பதாகச் சொன்னேன். ஒரு பையன், "காப்ளின்னாலே தீயதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு, வெட்டிடலாம்" என்றான். கொல்லக் கூடாது என்று என் 11 வயது மகள் அழுதுவிட்டாள். விதிப்படி யார் சரி?

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் விதிக்கு ஒத்தது. அழுத பிள்ளையைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

பையன் பார்த்தது, காப்ளின் பெயருக்குக் கீழே இருக்கும் 'நியூட்ரல் ஈவில்' என்ற இரண்டு சொற்களை. தீய குணம் என்பதற்கான குறிப்பு அது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது புத்தகத்தின் தொடக்கத்தில் இருக்கிறது. மான்ஸ்டர்களைப் பட்டியலிடும் புத்தகமான 2014 மான்ஸ்டர் மேனுவலின் முன்னுரை, அங்கே போட்டிருக்கும் குணம் பொதுவாக வைத்துக்கொள்ளும் நிலை, கதைக்கு வேண்டியபடி மாற்றலாம் என்கிறது. நல்ல மனசுள்ள பச்சை டிராகன் வேண்டுமென்றாலும் தடையில்லை என்று உதாரணமே கொடுக்கிறது.

சரி, உங்களிடம் இருப்பது எந்தப் புத்தகம்? வாட்ஸ்அப் குழுக்களில் ஸ்பைரல் போட்டு விற்கும் கலர் ஜெராக்ஸ் என்றால் இன்றே ஓரம் வையுங்கள். நானும் அப்படி ஒன்று வாங்கி ஏமாந்தவன். மான்ஸ்டர் படங்கள் பளபளவென்று இருந்தன, முன்னுரையைக் காணோம். நடுவில் வேறு பதிப்பின் பக்கங்களையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். விற்றவரைக் கேட்டால், "படம் எல்லாம் வந்திருக்கே சார், முன்னாடி பக்கத்தை யார் படிக்கிறாங்க" என்றார். அதை நம்பி ஒன்றரை வருடம், ஓர்க் (இன்னொரு மான்ஸ்டர் இனம்) என்றால் வெட்டு என்று பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்தியிருக்கிறேன். இன்றும் நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நான் சொன்ன பத்தி அதிலும் உண்டு. ஜெராக்ஸுக்குக் கொடுக்கும் காசுக்குப் பிள்ளைகளுக்கு நல்ல பகடை வாங்கிக் கொடுங்கள்.

பதிப்பாளர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. 2003 பதிப்பில் குணத்துக்கு முன்னால் ஒரு சொல் இருக்கும். டீமனுக்கு 'எப்போதும்', காப்ளினுக்கு 'வழக்கமாக', ஓர்க்குக்கு 'பல சமயம்'. பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும். பிந்தைய பதிப்புகளில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 2020-ல் ஓர்க்கையும் டிரௌ என்ற இருண்ட எல்ஃப் இனத்தையும் எழுதிய விதத்தைத் திருத்துவதாக அறிவித்தார்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவைத்திருந்தால் உங்கள் வீட்டில் இந்தச் சண்டையே வந்திருக்காது.

எங்கள் தாத்தாவுக்கு உசிலம்பட்டிப் பக்கம். 1871-ல் வெள்ளைக்காரன் போட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இன்ன சாதியில் பிறந்தால் குற்றவாளி, போய்க் கைரேகை வை என்றது. 1920-ல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த ஜனங்களைச் சுட்டுக் கொன்றார்கள். பிறக்கும்போதே கெட்டவன் என்று தாளில் எழுதியிருப்பதை ஒரு குழந்தை வாசிக்கும்போது எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. விளையாட்டுதானே என்று விட முடியவில்லை.

விலக்கு ஒன்று இருக்கிறது, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். டெவில், டீமன் வகையறா. 2014 விதிப்படி, ஒரு டெவில் தீய குணத்தை விட்டுவிட்டால் அது டெவிலாகவே இருக்காது. தீமையே அதன் உடம்பு. அதற்கு அம்மா அப்பா கிடையாது, ஊர் கிடையாது. நாம் செய்யும் தப்பு, பிள்ளைகளுக்கு டீமனை 'அசுரன்' என்று தமிழில் சொல்வது. அசுரர் ஒரு குலம். இரணியனுக்குப் பிரகலாதன் மகன், அவன் பேரன் மகாபலி. சூரபத்மனே மயிலும் சேவலுமாகி முருகனோடு இருக்கிறான். அந்தச் சொல்லைக் கொண்டுவந்தால் விலக்கே குழம்பிப் போகும். டீமனை டீமன் என்றே சொல்லுங்கள். காப்ளினுக்கு அம்மா உண்டு, குட்டி உண்டு. அது விலக்கில் வராது.

அந்தப் பையனைத் திட்டாதீர்கள். காப்ளின் ஒன்றுக்கு 50 எக்ஸ்பி (ஆட்டத்தில் சேரும் அனுபவப் புள்ளி) என்று பார்த்திருப்பான், பிள்ளைகள் அதற்குத்தான் வெட்டுகிறார்கள். ஆபத்தைச் சமாளித்தாலே எக்ஸ்பி, பேசி முடித்தாலும் அதே 50 என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். குட்டிகளுக்குப் புள்ளியே கிடையாது.

அப்புறம், வரும் ஞாயிறு ஆட்டத்தை விட்ட இடத்திலிருந்தே தொடங்குங்கள். குட்டிகளைத் தேடிக்கொண்டு ஒரு காப்ளின் கிழவி கையில் விளக்கோடு குகைக்குள் வரட்டும். முதலில் அந்தப் பையனிடம் கேளுங்கள், நீ என்ன செய்கிறாய் என்று.