ஆஸ்பத்திரிக் கடனுக்குத் தோப்பை விற்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டினம் பக்கம் அப்பா, அம்மாவுக்கு ஒரு ஏக்கர் மாந்தோப்பு இருக்கிறது. நான் ஓசூர் கம்பெனியில் மாதம் 19,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறேன். அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கத் தனியார் ஆஸ்பத்திரியில் 3 லட்சம் செலவு. எல்லாம் 2 ரூபாய் வட்டிக்கு வாங்கியது. தோப்பில் பாதியை விற்று அடைத்துவிடலாமா? அப்பாவுக்கு இனிமேலாவது ஒரு பாலிசி எடுக்கலாமா?

பதில்: விற்காதீர்கள். 2 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். மாதம் 6,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து முதலில் இந்தக் கடனை முடியுங்கள். வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும். அவசரத்துக்கு விற்கும் தோப்புக்கு யாரும் நல்ல விலை தரமாட்டார்கள்.

சரி, உங்கள் சம்பளச் சீட்டைப் பாருங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு, உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம், இரண்டும் சேர்த்து மாதம் 760 ரூபாய் போகிறது. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு. தோப்பு வருமானத்தையும் சேர்த்து அவர்களுக்கு மாதம் 9,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்பா பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்று நாளைக்கே எச்ஆரிடம் கேளுங்கள்.

இஎஸ்ஐ ஒத்துவராவிட்டால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை. பெற்றோருக்குத் தனி ரேஷன் கார்டு இருந்தால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இந்தத் திட்டத்துக்கான மையத்துக்குப் போங்கள். பணம் கட்டிவிட்டு அப்புறம் பில்லைக் காட்டி வாங்கும் திட்டமல்ல இது. அட்டை முன்பே கையில் இருக்க வேண்டும்.

பிரிட்டனில் 1948 முதல் வரிப்பணத்தில் வைத்தியம். தாய்லாந்து 2002-இல் எல்லோரையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தது. தொடக்கத்தில் ஒரு தடவைக்கு 30 பாட்தான் கட்டணம். இங்கேயும் திட்டங்களுக்குக் குறைவில்லை, ஆனால் சான்று, அட்டை, தகுதி என்று நாம்தான் அலைய வேண்டும். விவரம் தெரிந்த வீடு தப்பிக்கிறது. தெரியாத வீட்டின் நிலம் கைமாறுகிறது, அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே நிலம் உள்ளவர் கைக்குத்தான். ஏற்றத்தாழ்வு இப்படித்தான் பத்திரப்பதிவு ஆகிறது.

மாத்திரைச் செலவையும் குறைக்கலாம். அப்பாவுக்குச் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். 2021-இல் அந்தத் திட்டம் தொடங்கியதே உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

பாலிசியா? இப்போது எடுத்தால் இதய நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்வார்கள், பிரீமியமும் கூடுதலாக வரும். அந்தப் பணத்தைக் கடனிலேயே கட்டுங்கள்.