தேநீர் இடைவேளையில் தமிழ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்னையில் இந்திய சைகை மொழி கற்றுவருகிறேன். ஆசிரியர் காது கேளாதவர். மாணவர்கள் அனைவரும் காது கேட்பவர்கள். வகுப்பில் நாங்கள் வாய் திறப்பதில்லை. ஆனால் தேநீர் இடைவேளையில் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டதற்கு ஆசிரியர் கடிந்துகொண்டார். அரட்டை அடிக்கும் அளவுக்கு எங்களுக்குச் சைகை தெரியாது. எங்கள் சொந்தப் பேச்சால் அவருக்கு என்ன இழப்பு? இதைப் படித்தால் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைக்குமா? 'காது கேளாதோர்', 'செவித்திறன் குறையுடையோர்' இவற்றில் எது சரியான சொல்?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

வேலை பற்றி, 2015இல் டெல்லியில் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையத்திடம் விசாரியுங்கள். எந்தச் சொல் சரி என்பதை உங்கள் ஆசிரியரிடமே கேளுங்கள். சைகையில் கேளுங்கள்.

என் பெரிய அத்தை பிறவியிலேயே காது கேளாதவர். இரவுச் சாப்பாட்டின்போது கூடத்தில் பதினைந்து பேர் பேசிச் சிரிப்போம். அத்தை ஒவ்வொரு வாயாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரின் முழங்கையைத் தொட்டு என்னவென்று முகத்தால் கேட்பார். 'ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன்' என்று கையை அசைப்போம். அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. தன் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமான செய்தி, வாசலில் பந்தக்கால் நட்ட அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. யாரும் மறைக்கவில்லை, வீடு முழுக்க ஒரு மாதம் அதே பேச்சுதான். அவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் ஆசிரியருக்கு என்ன இழப்பு என்கிறீர்கள். நமக்குத் தெரிந்தவற்றில் பாதி, யாரும் நம்மிடம் சொல்லாதவை. பேருந்தில், டீக்கடையில், பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசும்போது, தானாக வந்து காதில் விழுந்தவை. காது கேளாதவருக்கு அவரை நோக்கிச் சொல்லப்பட்டது மட்டுமே கிடைக்கும். மற்றவை கிடைக்க வேண்டுமென்றால், அவர் கண்ணெதிரே இருப்பவர்கள் தங்களுக்குள்ளும் கையால் பேச வேண்டும். உங்கள் அரட்டையில் அவருக்கு அக்கறையே இல்லாமலிருக்கலாம். ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருப்பதற்குக்கூட அது முதலில் காதில் விழ வேண்டாமா? அந்த உரிமையைத்தான் நீங்கள் பறிக்கிறீர்கள், அதுவும் அவருடைய மொழியை அவரிடமே கற்றுக்கொண்டு. என் வீட்டாருக்காவது சைகை தெரியாது என்ற சாக்கு இருந்தது.

இது ஒரு தனிமனிதரின் முன்கோபமும் அல்ல. வாஷிங்டனில் காது கேளாதோருக்காக 1864 முதல் இயங்கும் காலடெட் பல்கலைக்கழகத்தில், பொது இடங்களில் கேட்பவர்களும் தங்களுக்குள் சைகையிலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அங்கேயே, காது கேளாத ஒருவர் தலைவராவதற்கு 124 ஆண்டுகளும், 1988இல் மாணவர்கள் வளாகத்தை இழுத்து மூடிய ஒரு போராட்டமும் தேவைப்பட்டன. கேட்பவர்களின் நல்லெண்ணத்தைக் காது கேளாதவர்கள் எளிதில் நம்பாததில் வியப்பில்லை.

சைகை போதாது என்பதை நான் ஏற்கவில்லை. தெரியாத சொல்லை விரலால் எழுத்துக்கூட்டுங்கள், சுட்டிக்காட்டுங்கள், தாளில் எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் கொஞ்சம் குறைவாகப் பேசுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது. தமிழில் பேசிக்கொண்டே கையையும் ஆட்டும் சமரசத்தை மட்டும் செய்யாதீர்கள். 'எங்கே போகிறாய்' என்பதில் நாம் முதலில் வைக்கும் 'எங்கே', இந்திய சைகை மொழியில் இறுதியில் வரும். வாய் ஒரு வரிசையில் ஓட, கை வேறொரு வரிசையில் போக முடியாது, கைதான் தோற்கும். அலைபேசி அழைத்தால், அழைப்பு வந்திருக்கிறது என்று சைகையில் சொல்லிவிட்டு வெளியே போய்ப் பேசுங்கள். அதில் எந்தக் குற்றமும் இல்லை.

கடுமையாக எழுதிவிட்டேன். உறுத்தல் இல்லாத ஒருவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும், அம்மா. நாளை இடைவேளையில் வடை ஆறிப்போனதைப் பற்றியாவது உங்கள் தோழியிடம் கையால் சொல்லுங்கள். ஆசிரியர் ஒருமுறை பார்த்துவிட்டு, பேச்சில் சுவாரசியம் இல்லை என்று கண்டு, தன் தேநீருக்குத் திரும்பிவிடுவார்.