சென்சார் 3.1, விரல் 6.4: எதை நம்புவது?

போன இதழில் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை சென்சாரைப் பற்றி நாலு வரிதான் எழுதினேன், அதற்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் எங்கள் சுங்கை சிப்புட் டவுனிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும்தான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தது. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சரி, கேள்விகளுக்கு வருவோம், இங்கே வரும் சர்க்கரை அளவுகள் எல்லாம் லிட்டருக்கு மில்லிமோல் (mmol/L) கணக்கு.

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது, இரவில் இன்சுலின் போடுகிறார். ஜோகூரில் வேலை செய்யும் தம்பி சென்சார் வாங்கி அனுப்பினான். மூன்று நாளாக விடியற்காலை இரண்டு மணி, மூன்று மணிக்கு அலாரம் அடிக்கிறது, பார்த்தால் 3.1. பயந்துபோய் அம்மாவை எழுப்பி மைலோவில் சீனி போட்டுக் கொடுக்கிறேன். காலையில் 14-க்குப் போய்விடுகிறது. நேற்றுச் சந்தேகம் வந்து விரலில் குத்திப் பார்த்தேன், 6.4 காட்டியது. சென்சார் கெட்டுவிட்டதா?

பதில்: அம்மா எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கிறார்? இன்று இரவு அலாரம் அடித்ததும் விளக்கைப் போட்டு அதைத்தான் முதலில் பாருங்கள். சென்சார் ஒட்டிய கை அவர் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு கிடந்தால் பெரும்பாலும் விஷயம் அதுதான். சென்சாரில் உள்ள மெல்லிய இழை ரத்தத்தைத் தொடுவதே இல்லை, தோலுக்கு அடியில் செல்களைச் சுற்றி ஊறி நிற்கும் நீரில் இருக்கும் சர்க்கரையைத்தான் அளக்கிறது. அந்த இடத்தை அமுக்கிப் படுத்தால் அங்கே ரத்த ஓட்டம் குறைகிறது, புதிதாகச் சர்க்கரை வந்து சேராது, இருக்கிற கொஞ்சத்தையும் பக்கத்துச் செல்கள் தின்றுவிடும். அந்தக் காசு அளவு இடத்தில் மட்டும் சர்க்கரை குறைந்திருக்கும், அம்மாவின் ரத்தத்தில் குறைந்திருக்காது. போனில் இரவு வரைபடத்தைத் திறந்து பாருங்கள், கோடு திடீரென்று கிணற்றில் விழுந்ததுபோல் செங்குத்தாக இறங்கி, அம்மா புரண்டு படுத்ததும் அதேபோல் மேலே ஏறியிருக்கும். உண்மையான இறக்கம் பெரும்பாலும் இவ்வளவு முரட்டுத்தனமாக இருக்காது, சரிந்து சரிந்துதான் வரும்.

அதற்காக அலாரத்தை அணைத்துவிடாதீர்கள். அம்மா இன்சுலின் போடுகிறவர், நிஜமாகவே ஒருநாள் இறங்கலாம். அலாரம் அடித்தால் அவரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். வேர்த்துக் கொட்டியிருந்தாலோ, கை நடுங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ குத்திக்கொண்டு நிற்க வேண்டாம், முதலில் சர்க்கரை கொடுங்கள். கூப்பிட்டால் முழிக்கவே இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999-ஐ அழையுங்கள். விரலில் 3.9-க்குக் கீழே இருந்தாலும் சர்க்கரைதான், அதுவும் மைலோ அல்ல. மைலோவில் பால் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, ரத்தத்தில் ஏற நேரம் பிடிக்கும். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள்.

எனக்கு உண்மையில் பயம் வேறொன்றில். அடுத்த மாதம் கிளினிக்கிற்குப் போகும்போது டாக்டர் இந்த 14-களைப் பார்த்துவிட்டு இரவு இன்சுலினைக் கூட்டிவிட்டால்? அந்த 14 நோயின் 14 இல்லை, நீங்கள் கொடுத்த மைலோவின் 14. கூட்டிய இன்சுலினோடு, மைலோ இல்லாத ஓர் இரவில், அம்மாவுக்கு நிஜமான ஹைபோ வரும், அதாவது சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு என்ன கொடுத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். புதுச் சென்சார் ஒட்டும்போது அவர் படுக்காத பக்கத்துக் கையில் ஒட்டுங்கள்.

இன்னொன்று, புரட்டிப் படுக்க வைத்தும் பகலில்கூட அது தொடர்ந்து குறைவாகவே காட்டினால் கழற்றிவிடுங்கள். 2025 நவம்பரில் லிப்ரே சென்சார்களைத் தயாரிக்கும் அபாட் நிறுவனம் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் வகைகளில் சில தயாரிப்புத் தொகுதிகள் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டுகின்றன, அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று தானே அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள். பொய்யான குறைந்த அளவு என்றால் சும்மா இல்லை, அதை நம்பி ஒருவர் தேவையில்லாமல் இனிப்பைச் சாப்பிடுவார், போட வேண்டிய இன்சுலினைத் தள்ளிப்போடுவார்.

கேள்வி: நான் செம்பனைக் குலை வெட்டுகிறேன். மாத்திரை மட்டும்தான். காலையில் ரொட்டி சானாய், தே தாரிக் பசியாறி அரை மணியில் சென்சார் 8.3, விரல் 10.9. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் சென்சார் 6.9, விரல் 6.5. வாங்கிய பார்மசியில் கேட்டால் "எல்லாம் சரியாகத்தான் இருக்கும்" என்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு இருநூறு வெள்ளிக்கு மேல் கொடுத்தது வீணா?

பதில்: வீண் இல்லை ஐயா. உங்கள் சாயங்காலக் கணக்கைப் பாருங்கள், 6.5-க்கு 6.9, அது அருமையான பொருத்தம். காலையில் மட்டும்தான் சண்டை. ஆற்றில் தண்ணீர் ஏறினால் தோட்டத்து லோங்காங் வாய்க்காலில் ஏற இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும் இல்லையா, அதுபோல ரத்தத்தில் ஏறிய சர்க்கரை தோலுக்கடி நீருக்கு வந்து சேர 5 முதல் 15 நிமிடம் வரை ஆகலாம். ரொட்டி சானாயும் கெட்டிப்பால் தேத்தண்ணியும் ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறும் நேரத்தில் சென்சார் பின்னால் மூச்சு வாங்கி ஓடிவருகிறது. இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும், ரத்தம் இறங்கியிருக்கும், சென்சார் இன்னும் மேலேயே நிற்கும். அதனால் இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்றால் பசியாறுவதற்கு முன்னால் ஒப்பிடுங்கள், போனில் அம்புக்குறி படுக்கையாக, அதாவது சர்க்கரை ஏறாமல் இறங்காமல் இருக்கும் நேரம் பார்த்து.

எவ்வளவு வித்தியாசம் வரை பொறுத்துக்கொள்ளலாம்? சுமாராக, விரல் அளவு 4-க்கு மேல் என்றால் 20 விழுக்காடு, 4-க்குக் கீழே என்றால் 1.1 வரை. இப்போது வரும் சென்சார்களின் சராசரிப் பிழை 8 முதல் 10 விழுக்காடு என்று விளம்பரத்தில் போடுவார்கள், சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள், ஒரு தடவை 2 விழுக்காடும் அடுத்த தடவை 20 விழுக்காடும் தள்ளி இருக்கலாம். ஒட்டிய முதல் நாள் எப்போதுமே கொஞ்சம் தடுமாறும், அன்றைய எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். விரலில் குத்தும் மெஷினும் அரிச்சந்திரன் இல்லை, அதற்கான உலகத் தர அளவே 5.55-க்கு மேல் 15 விழுக்காடு வரை ஏற்றக்குறைவை அனுமதிக்கிறது.

விரலைப் பற்றிப் பேசும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். நான் தாதியாக இருந்த காலத்தில் ரம்புத்தான் பருவத்தில் ஒரு மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வந்தார், விரலில் குத்தினால் 15.2. மனிதர் "நான் ஒன்றும் சாப்பிடவில்லை" என்று சத்தியம் செய்கிறார். கையைப் பிடித்தபோதே பிசுபிசு என்று ஒட்டியது. பேரனுக்குப் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு நேராக வந்திருக்கிறார். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினால் 7.8! ரொட்டி சானாய் பிய்த்த கையும் அப்படித்தான், கழுவாமல் குத்தினால் அந்த 10.9-ல் கொஞ்சம் கெட்டிப்பாலும் சேர்ந்திருக்கலாம்.

உங்கள் வேலைக்கு இன்னும் இரண்டு விஷயம். நாள் முழுக்க நீளக் கம்பைத் தூக்கி வெட்டுகிற கை, வேர்வை வேறு, ஒட்டு பிடி விட்டு உள்ளே இழை அசைந்தாலே அளவு தாறுமாறாகும், அதனால் கம்பை அதிகம் தாங்காத கையின் பின்புறத்தில், ஸ்பிரிட் துடைத்தது நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றிப் போனாலும் அளவு தவறும். ஒட்டாத புதுச் சென்சாரை மோட்டாரின் சீட்டுக்கு அடியில் வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், பெட்டியின் மேல் வெப்ப அளவு அச்சடித்திருக்கும், நம் ஊர் மத்தியான வெயில் அதை எளிதாகத் தாண்டும்.

கேள்வி: காய்ச்சலுக்குப் பனடோல் (பாரசிட்டமால்) போட்டால் சென்சார் ஏறிக் காட்டும் என்று சொல்கிறார்கள், உண்மையா? நான் தினமும் தண்ணீரில் கரைக்கும் வைட்டமின் சி-யும் குடிக்கிறேன்.

பதில்: உண்மைதான், ஆனால் எந்தச் சென்சார் என்பதைப் பொறுத்தது. பல சென்சார்களில் இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் பூசியிருப்பார்கள், அது சர்க்கரையோடு வினை புரிந்து அதிலிருந்து மிகச் சிறிய மின்னோட்டம் வரும், அதைத்தான் எண்ணாக மாற்றுகிறார்கள். பனடோலும் அந்த மின்வாயில் போய்த் தானும் கொஞ்சம் மின்னோட்டம் கொடுத்தால், மெஷினுக்கு யார் கொடுத்தது என்று தெரியாது. டெக்ஸ்காம் என்ற இன்னொரு நிறுவனத்தின் பழைய ஜி4, ஜி5 வகைகளில் இது பெரிய தொல்லை. ஜி6, ஜி7-இல் 6 மணி நேரத்துக்கு 1 கிராம் வரை பரவாயில்லை, அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. லிப்ரே 2-க்குப் பிரச்சினை வைட்டமின் சி, ஒரு நாளுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போனால் கூடக் காட்டலாம். நீங்கள் குடிப்பது 1000 மில்லிகிராம் மாத்திரை என்றால் கணக்கு உங்களுக்கே தெரியும். கூடக் காட்டினால் என்ன என்று விட்டுவிடக் கூடாது, உண்மையில் 3.5 இருக்கும்போது 5 என்று காட்டி நம்மைத் தூங்க வைத்துவிடும்.

கேள்வி: மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனையில் (HbA1c) 8.1 விழுக்காடு வந்தது. போன் செயலி 7.2 என்கிறது. டாக்டர் திட்டுகிறார்.

பதில்: இரண்டும் ஒன்றல்ல. செயலி உங்கள் சராசரிச் சர்க்கரையிலிருந்து ஒரு கணக்குப் போட்டுச் சொல்கிறது. ரத்தப் பரிசோதனை சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையைப் பார்க்கிறது, அந்த அணுக்களின் ஆயுள் ஆளுக்கு ஆள் மாறும். இரும்புச் சத்துக் குறைவு, தலசீமியா, டயாலிசிஸ் எல்லாம் இதில் விளையாடும். ரத்தச்சோகை இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். சென்சாரை எத்தனை நாள் போட்டிருந்தீர்கள் என்றும் எனக்குத் தெரிய வேண்டும், நல்ல பிள்ளையாகச் சாப்பிட்ட இரண்டு வாரம் மட்டும் போட்டிருந்தால் 7.2 வராமல் என்ன செய்யும்!

கேள்வி: குத்தாமல் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம் 89 வெள்ளிக்கு இணையத்தில் விற்கிறார்கள். அப்பாவுக்கு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானாகச் சர்க்கரை அளக்கும் கடிகாரமோ மோதிரமோ எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. சென்சாரின் எண்ணைப் போனிலிருந்து வாங்கிக் காட்டும் கடிகாரம் வேறு கதை, அது தானாக எதையும் அளக்காது, வெறும் திரைதான். அந்த 89 வெள்ளிக்கு அப்பாவின் பழைய விரல் குத்தும் மெஷினுக்குச் சோதனைப் பட்டைகள் வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: பதினான்கு நாள் வர வேண்டிய சென்சார் ஒன்பதாம் நாளே நின்றுவிட்டது. கடைக்காரர் கையை விரிக்கிறார்.

பதில்: கடைக்காரரோடு மல்லுக்கட்டாமல் நேரே தயாரிப்பு நிறுவனத்தின் சேவை எண்ணைக் கூப்பிடுங்கள், பெட்டியிலேயே இருக்கும். வரிசை எண்ணும், ஒட்டிய தேதியும், நின்றபோது திரையில் வந்த செய்தியும் கேட்பார்கள். அளவு தவறியதுதான் புகார் என்றால் சென்சார் எண்ணும் விரல் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வையுங்கள். கழற்றிய சென்சாரைக் குப்பையில் போடாதீர்கள், திருப்பிக் கேட்கலாம். பதிலே வரவில்லை என்றால் சுகாதார அமைச்சின் கீழ் இருக்கும் மருத்துவக் கருவி ஆணையத்திடம் புகார் கொடுக்கலாம்.