கட்டாயம் இல்லாத வீட்டு உரிமையாளர் சங்கத்தில் சேரலாமா, வேண்டாமா?

காரைக்குடிக்கு வெளியே ஒரு புது நகரில் வீடு கட்டிக் குடிவந்து ஆறு மாதம் ஆகிறது, வீட்டு உரிமையாளர் சங்கத்தில் சேரச் சொல்லி வாசலுக்கு வருகிறார்கள், சேர்க்கைக் கட்டணம் 1,000 ரூபாய், மாதச் சந்தா 200, கட்டாயம் இல்லை என்றும் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள். ஆனால் வரவு செலவு நோட்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். நான் பார்க்காமல் ஒருமுறை பணம் கொடுத்தேன், அந்த வருத்தத்தில் நாலு வருஷம் சங்கத்துப் பக்கமே போகவில்லை. இரண்டுமே தப்பு என்று இப்போது தெரிகிறது.

நாங்களும் உங்களைப் போல ஊராட்சி எல்லையில் ஒரு நகரில்தான் இருக்கிறோம். 2017-இல் குடிவந்தோம். வீட்டுக்காரர் சிங்கப்பூரில், இங்கே நானும் மகளும் மாமியாரும். வந்த புதிதில் நகர் முகப்பில் வளைவு வைக்கப்போகிறோம் என்று வீட்டுக்கு 5,000 வசூலித்தார்கள். கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, “எல்லாருக்கும் மொத்தமாப் போட்டுத் தர்றோம்மா” என்றார்கள். இரண்டு தூண் ஆள் உயரத்துக்கு எழும்பியதோடு சரி. ரசீதும் வரவில்லை. அந்தத் தூண்களைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்கூட வேனுக்கு மகளைக் கொண்டுபோய் விடுவேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எதிர்வீட்டு ஆச்சியிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார். “கோயிலுக்குப் புள்ளி வரி குடுக்குறவுக கணக்குக் கேக்கத்தான் செய்வாக. நீ ஏன் அன்னைக்கே கேக்காம விட்டே?” என்றார். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோயிலில் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி, அதற்கு ஏடு என்று இருக்கிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு நான் கேட்காமல் விட்டதுதான் குற்றமாகப் பட்டது.

2021 ஐப்பசி கார்த்திகை மழை ஞாபகம் இருக்கும். எங்கள் இரண்டாவது குறுக்குத் தெருவில் முழங்கால் தண்ணீர் பன்னிரண்டு நாள் நின்றது. செப்டிக் டேங்க் நிரம்பி, கழிவறையில் தண்ணீர் இறங்காமல், ஆச்சியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் உறவுக்காரர் வீட்டில் விட்டோம். நான் தனியாக இரண்டு மனு கொடுத்தேன், அலுவலகத்தில் சீல் வைத்து வாங்கிக்கொண்டார்கள், அதோடு முடிந்தது. மூன்றாம் முறை போனபோது அங்கிருந்த ஒருவர், “உங்க தெருவிலே மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையேம்மா” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மற்ற வீடுகளில் இருந்தவர்களும் தனித்தனியாகப் போய் இதே பதிலைத்தான் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

அந்த நேரத்தில் சங்கத்துக்குப் புது நிர்வாகிகள் வந்திருந்தார்கள். செயலாளர், ஓய்வுபெற்ற விஏஓ சார். அவர் செய்த முதல் வேலை, எங்கள் சர்வே எண்ணுக்குப் புலப்படமும் (நில அளவை வரைபடம்) அ-பதிவேட்டு நகலும் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதியிருக்கும் அரசுப் பதிவேடு) எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோயில் திண்ணையில் அந்தப் படத்தை விரித்து, பேனா மூடியால் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். ஊருணிக்குப் போகும் வரத்துக்கால். எங்கள் தெருமுனையில்தான் வருகிறது, பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்றே இருக்கிறது. மனை போட்டபோது கிராவல் அடித்து மேவிவிட்டார்கள். தண்ணீர் ஊருணிக்குப் போக வழியில்லாமல் தெருவில் நின்றிருக்கிறது, அந்தப் பக்கம் ஊருணி பாதி காய்ந்து கிடந்தது. செம்புறாங்கல் படிக்கட்டு கடைசிப் படி வரைக்கும் வெளியே தெரிந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது, அவ்வளவு மழைக்குப் பிறகும்.

சங்கத்தின் பெயரில் மனு, 43 கையெழுத்து, புலப்பட நகல், போட்டோ எல்லாம் சேர்த்து ஒரு திங்கட்கிழமை சிவகங்கை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். வேன் வாடகை சங்கப் பணத்தில். அளவைக்கு ஆள் வந்தது, ஐந்து மாதம் ஆனது, ஆனால் வாய்க்காலைத் தோண்டித் தெருவுக்குக் குறுக்கே குழாய் பதித்தார்கள். இப்போதும் பெருமழைக்குத் தண்ணீர் நிற்கிறது, அரை நாளில் வடிந்துவிடுகிறது. நான் சேர்ந்தது அந்த வருஷம்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சங்கம் பதிவு செய்ததா என்று முதலில் கேளுங்கள். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் கீழ் ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பதிவு எண்ணும் ஆண்டும் லெட்டர்பேடில் இருக்கும். பதிவான சங்கம் வருஷத்துக்கு ஒருமுறை பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் மூன்று வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. கடைசியாக எப்போது தாக்கல் செய்தீர்கள் என்ற ஒரு கேள்வியிலேயே பாதி தெரிந்துவிடும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் சரி.

சேராவிட்டால் ஏதாவது செய்வார்களோ என்று பயப்பட வேண்டாம். அடுக்குமாடி என்றால் கதை வேறு, அங்கே 2022-ஆம் ஆண்டுச் சட்டப்படி வீடு வாங்கினாலே சங்க உறுப்பினர்தான். தனி வீடுகள் இருக்கும் நகரில் அப்படி இல்லை. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தையும் மனை போட்டவர் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அதனால் தெரு சங்கத்துக்குச் சொந்தம் இல்லை, பூங்காவும் இல்லை. சந்தா கட்டாதவர் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்துவதோ, பிள்ளைகளைப் பூங்காவுக்குள் விடமாட்டோம் என்பதோ அவர்கள் கையில் கிடையாது. அப்படி மிரட்டினால் அந்தச் சங்கத்தில் சேராதீர்கள்.

இன்னொன்று, இது எனக்கு ரொம்ப முக்கியம். துணைவிதியை, அதாவது சங்கத்தின் விதிப் புத்தகத்தை வாங்கி யார் உறுப்பினராகலாம் என்ற இடத்தைப் படியுங்கள். நம் பக்கத்தில் வீட்டுச் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள், தெருவில் குடியிருப்பது வாடகைக்கு வந்தவர்கள்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் தண்ணீரில் நடந்தது அவர்கள். ஆச்சியை நாற்காலியோடு தூக்கிய நாலு பேரில் மூன்று பேர் வாடகைக்கு இருப்பவர்கள், அன்றைக்கு எங்கள் சங்க விதிப்படி அவர்களுக்குக் கூட்டத்தில் பேசக்கூட இடமில்லை. அதை மாற்ற நான் இரண்டு பொதுக்குழுவில் எழுந்து பேச வேண்டியிருந்தது. இப்போது பெயர் குடியிருப்போர் நலச் சங்கம், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் ஓட்டு உண்டு. உங்கள் சங்கத்தில் இது இல்லை என்றாலும் சேரலாம், சேர்ந்துதான் இதைக் கேட்க முடியும்.

அப்புறம், 2024-இல் காரைக்குடி மாநகராட்சியாகி, சுற்றியிருந்த சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே போயிருக்கின்றன. உங்கள் நகர் இப்போது எதில் வருகிறது, தெருவிளக்குக்கும் குப்பைக்கும் எந்த அலுவலகத்தில் கேட்க வேண்டும் என்று சங்கத்தில் ஒருவருக்காவது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

அடுத்த கூட்டம் எப்போது என்று விசாரித்து, சேராமலே ஒருமுறை போய் உட்காருங்கள். கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம், “அண்ணே, போன வருஷக் கணக்கு நோட்டைக் கொஞ்சம் பாத்துட்டுத் தரேன்” என்று கேளுங்கள். கையில் கொடுத்தால் அங்கேயே உட்கார்ந்து புரட்டுங்கள், செலவுக்குப் பில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், ஒட்டியிருந்தால் அன்றைக்கே 1,000 ரூபாயைக் கட்டி ரசீதை வாங்கி பத்திரக் கட்டோடு வைத்துவிடுங்கள். நாளைக்குத் தர்றேன் என்றால் நீங்களும் பணத்தை நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.