நகைச்சுவை நாடகம்தான் வேலை என்று பிள்ளை சொன்னால்

"பிளஸ் டூ படிக்கும் மகன் காமெடி நாடகம் எழுதி நடிக்கப் போகிறேன் என்கிறான். அது சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு ஒளிவு மறைவில்லாத பதில்: தமிழ்நாட்டில் மேடை நடிப்பு மட்டும் சோறு போடாது. மேடைக்கு எழுதப் பழகியவருக்குத்தான் சினிமா, சீரியல், வெப் சீரிஸ், விளம்பரம் என்று நாலு பக்கமும் வசன வேலை வரும். ஆகவே மகன் நடிக்கட்டும், ஆனால் எழுத்தை விடாமல் நடிக்கட்டும்.

முதலில் பணக் கணக்கு. நாடகம், கச்சேரி நடத்தும் சங்கமான சபா, ஒரு காட்சிக்கு இவ்வளவு என்று நாடகக் குழுவுக்கு மொத்தமாகத் தரும். செட், லைட், மைக், மேக்கப், வேன் வாடகை, டிபன் எல்லாம் அதிலிருந்தே போகும். மிச்சத்தைப் பத்துப் பன்னிரண்டு பேர் பங்கிட வேண்டும். அதனால்தான் சபா நடிகர்களில் பலருக்குப் பகலில் வேறு உத்தியோகம் இருக்கும். இது ஒன்றும் புதிதல்ல. கிரேசி மோகன் கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் படித்து சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். சோ வழக்கறிஞர். கே. பாலசந்தர் ஏஜீஸ் ஆபீஸ் என்ற அரசுக் கணக்காயர் அலுவலகத்தில் இருந்தவர். வேலையில் இருந்துகொண்டேதான் மேடைக்கு எழுதினார்கள்.

ஆகவே டிகிரி கட்டாயம். எந்தப் பாடம் என்பது இரண்டாம் பட்சம். மாலை நேரம் கையில் இருக்கிறதா, கல்லூரியில் நாடகக் குழு உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். முறையாகப் படிக்க ஆசை இருந்தால், டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டு டிப்ளமோவுக்கு ஏதாவது ஒரு பட்டமும், குறைந்தது 6 நாடகங்களில் பங்கேற்ற அனுபவமும் கேட்பார்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் கோட்டை விடுகிறார்கள்: நடித்திருப்பார்கள், அத்தாட்சி இருக்காது. நோட்டீஸ், போட்டோ, பெயர் வந்த பத்திரிகைத் துண்டு எல்லாவற்றையும் முதல் நாடகத்திலிருந்தே ஒரு ஃபைலில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். இந்தி தெரியாமல் டெல்லிப் பள்ளியில் காலம் தள்ளுவது கஷ்டம். புதுச்சேரி பல்கலைக்கழகத்தில் நாடகத்தில் முதுகலைப் படிப்பு உண்டு. தஞ்சை தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் நாடகத்துறை இருக்கிறது. 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை உடல்மொழிப் பயிற்சிக்குப் பேர் போனது. ஆனால் அது சபா காமெடியிலிருந்து விலகிய வேறொரு பாதை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சிரிப்பு மட்டும் எந்த வகுப்பிலும் வராது, ஜனங்கள் முன்னால்தான் வரும். புதிதாகச் சேரும் பையனுக்குக் குழுவில் கிடைக்கும் முதல் வேலை சைடில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதாகத்தான் இருக்கும். 'எடுபிடி வேலை' என்று முகம் சுளிக்க வேண்டாம், அதைவிட நல்ல பாடம் கிடையாது. கையில் முழு ஸ்கிரிப்ட் இருக்கும். எந்த வரிக்குச் சிரித்தார்கள், எதற்குச் சிரிக்கவில்லை, எங்கே சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்தார்கள் என்று பென்சிலால் குறித்துவர வேண்டும். மூன்று முறை மேடையேறியும் எடுபடாத வரி, எழுதியவருக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், வெட்ட வேண்டிய வரி.

வசனம் எங்கே முடிகிறது என்பதில் பாதி வித்தை இருக்கிறது. "வாடகை எப்பப்பா தருவே?" என்று வீட்டுக்காரர் கேட்க, "நீங்க வீடு மாறும்போது" என்று நிறுத்தினால் சிரிப்பு வரும். அதையே "நீங்க வீடு மாறும்போது கண்டிப்பா தந்துடறேன் சார், கவலையே படாதீங்க" என்று இழுத்தால், சிரிக்க வாயெடுத்தவர்கள் மிச்சத்தைக் கேட்க அடங்கிவிடுவார்கள். நடிகர் செய்யும் தவறு வேறு: சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போதே அடுத்த வரியைச் சொல்லிவிடுவது. அந்த வரிதான் அடுத்த ஜோக்குக்கு அடித்தளம். அது காதில் விழாததால் அடுத்த ஜோக்கும் சேர்ந்து படுத்துவிடும். சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது, முழுக்க அடங்குவதற்கு முன் பேச வேண்டும். மேலே தொங்கும் மைக்கை நம்பி நடிக்கும் மேடையில் பின்பக்கம் திரும்பிப் பேசினால் கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. எவ்வளவு நல்ல வசனமும் அங்கே வீண்தான்.

குழு தேடுவதற்கும் நேரம் காலம் உண்டு. டிசம்பரில் சபாக்கள் கச்சேரியில் மூழ்கியிருக்கும், நாடகக்காரரை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழாவுக்குப் புது நாடகங்கள் தயாராகும். ஆகவே பொங்கல் முடிந்த கையோடு போய்க் கேட்பது நல்லது. போகும்போது நாலே பாத்திரங்கள், ஒரே இடம், 20 நிமிடம் என்று ஒரு குறுநாடகம் எழுதிக் கொண்டுபோகட்டும். அதை வீட்டில் உங்களிடம் படித்துக் காட்டி முடிவெடுக்க வேண்டாம். பெற்றவர்கள் ஒன்று எல்லாவற்றுக்கும் சிரிப்பார்கள், அல்லது எதற்கும் சிரிக்க மாட்டார்கள்.

மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயதுள்ளவர்களுக்கு மாதம் ₹5,000 வீதம் 2 ஆண்டுகள் கிடைக்கும். நாடகப் பிரிவில் நடிப்பு, இயக்கம் சேர்த்தி, நாடகம் எழுதுவது சேர்த்தியில்லை. எனவே நடிகராகவே விண்ணப்பிக்க வேண்டும். குருவிடம் குறைந்தது 5 ஆண்டுகள் பயின்ற சான்றும் கேட்பார்கள்.

கடைசியாக, ஸ்கிரிப்ட் யாருக்குச் சொந்தம் என்ற விஷயம். எழுதிய நிமிடமே காப்புரிமை எழுதியவருடையது. பதிவு கட்டாயமில்லை, ஆனால் தகராறு வந்தால் கைகொடுக்கும். நாடகப் பிரதிக்குப் பதிவுக் கட்டணம் ₹500. யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்க வேண்டும். குழுவுக்கோ தயாரிப்பாளருக்கோ எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டுகள், எந்த ஊர்களுக்கு, மேடைக்கு மட்டுமா சினிமாவுக்கும் சேர்த்தா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டுகள், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று எடுத்துக்கொள்வார்கள். குழுத் தலைவர் எவ்வளவு வேண்டியவரானாலும், நோட்டீஸில் 'கதை, வசனம்' என்ற இடத்தில் மகன் பெயர் வரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிவிடுங்கள்.