ஃபாயில் வேண்டாம், வெள்ளை பெயிண்ட் போதும்

இரண்டடி பிளைவுட் பெட்டியில் எல்இடி வைத்துக் கீரை வளர்க்கிறீர்கள், ஓரத்துச் செடிகள் மட்டும் ஒளி போதாமல் வெளிறி நெட்டையாகப் போகின்றன, உள்சுவரில் சமையலறை ஃபாயில் ஒட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் நண்பரே. ஃபாயில் சீக்கிரம் கசங்கிவிடும். அதைவிட முக்கியம், அது மின்சாரத்தைக் கடத்தும். ஈரமும் வயரும் இருக்கிற பெட்டிக்குள் அந்த ஆபத்து எதற்கு?

பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் அடியுங்கள். விழும் ஒளியில் சுமார் 85 சதவீதத்தைத் திருப்பி, எல்லாப் பக்கமும் சீராகப் பரப்பும். பூஞ்சை பிடிக்காத வெளிச்சுவர் ரகமாகப் பார்த்து வாங்குங்கள். முதலில் பிரைமர், அப்புறம் இரண்டு கோட். வாடை முழுக்கப் போன பிறகு செடியை வையுங்கள்.

மைலார் ஷீட் (கண்ணாடி போல மின்னும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பும், ஆனால் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். எது செய்தாலும் தட்டுகளை அடிக்கடி ஓரத்திலிருந்து நடுவுக்கு மாற்றி வையுங்கள்.