பிள்ளைகளை வீட்டு வேலை செய்ய வைப்பது எப்படி? காசு கொடுத்தால் செய்வார்களா?

கேட்டவருக்கு 8 வயதில் ஒரு மகள், 14 வயதில் ஒரு மகன். சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லையாம். எந்த வயதில் பழக்கியிருக்க வேண்டும், இனிமேல் முடியுமா, காசு கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். நான் கோலாலம்பூரில், கெப்போங் பக்கம் அடுக்குமாடி இல்லாத ஒரு தரை வீட்டில் இருக்கிறேன். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, எனக்கு ஆபீஸ். பிள்ளைகள் கை வைக்காவிட்டால் எங்கள் வீடு ஓடாது. அதனால் பதில் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கும்.

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். என் உறவுக்காரர் ஒருவர் வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில் விலைப்பட்டியலே ஒட்டியிருந்தது. தட்டு கழுவினால் 1 வெள்ளி (ரிங்கிட்), துணி மடித்தால் 2 வெள்ளி, நாயைக் குளிப்பாட்டினால் 3 வெள்ளி. கொஞ்ச நாள் வீடு பளபளவென்று இருந்தது. தீபாவளி வந்தது, பையன் கையில் அங்பாவ் (உறையில் போட்டுத் தரும் அன்பளிப்பு) காசு சேர்ந்தது. அதற்குப் பிறகு தட்டைக் கழுவச் சொன்னால், "இன்னிக்கு எனக்குக் காசு வேணாம்மா" என்று உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவன் பேசியதில் என்ன தப்பு? விலை வைத்துவிட்டால் வேண்டாம் என்று சொல்லவும் அவனுக்கு உரிமை வந்துவிடுகிறதே. கார் கழுவுவதற்கு மட்டும் நான் காசு கொடுப்பேன். அது எப்படியும் கடைக்குப் போகிற காசு, பிள்ளைகளே வாங்கிக்கொள்ளட்டும். தினசரி வேலைக்கு ஒரு காசு கிடையாது.

இது என் பிடிவாதம் மட்டுமில்லை. ஜெர்மனியின் லைப்ஸிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இருவர் 18 மாதக் குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்து 2006-ல் வெளியிட்டார்கள். பெரியவர் ஒருவர் கையிலிருந்த பொருளைத் தவறவிட்டு, எட்டாமல் தடுமாறுவார். குழந்தைகளில் பெரும்பாலானவை யாரும் சொல்லாமலே போய் எடுத்துக் கொடுத்தன. அதே இருவர் 2008-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். உதவி செய்த ஒவ்வொரு முறையும் பரிசு வாங்கிய 20 மாதக் குழந்தைகள், பரிசு நின்றதும் உதவுவதைக் குறைத்துக்கொண்டன. வெறும் பாராட்டு கிடைத்த குழந்தைகளும், எதுவுமே கிடைக்காத குழந்தைகளும் அப்படிக் குறைக்கவில்லை.

எந்த வயதில் தொடங்குவது என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. ஒன்றரை வயதிலேயே அவர்களாகத் தொடங்கிவிடுகிறார்கள். துடைப்பத்தைப் பிடித்து இழுக்கிற குழந்தையை "போ போ, அம்மா வேலையா இருக்கேன், போன் பாரு" என்று துரத்துகிறவர்கள் நாம்தான். பத்து வருஷம் துரத்திவிட்டு, அப்புறம் "ஒரு வேலை செய்யமாட்டேங்கிறான்" என்றால் எப்படி?

சரி, எப்படிச் செய்ய வைப்பது? நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு மூக்கில் வியர்ப்பது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான்: கொடுத்த வேலை நிஜமான வேலையா, சும்மா பழக்குவதற்காகக் கொடுத்ததா என்று உடனே தெரிந்துவிடுகிறது. சோபா தலையணையை அடுக்கச் சொன்னால் அடுக்கமாட்டார்கள். அடுக்காவிட்டால் யாருக்கு என்ன?

மலேசியாவில் படித்த என் வயதுக்காரர்களுக்குப் பள்ளிக்குப் போட்ட வெள்ளைச் சப்பாத்து (ஷூ) மறந்திருக்காது. சனிக்கிழமை காலையில் பிரஷ்ஷும் சோப்புத் தூளும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்து தேய்த்து, மேலே சப்பாத்து வெள்ளை பூசி, சுவர் மேல் சாய்த்து வைப்போம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டால் ஐஸ்பெட்டிக்குப் பின்னால் சூட்டில் செருகி வைப்போம். இதற்காக எங்கள் அம்மா ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. உயர்த்தவேண்டிய தேவையே இல்லை. திங்கட்கிழமை சபைகூடலில் அழுக்குச் சப்பாத்தோடு நின்றால் மாணவர் தலைவன் பெயரை எழுதிக்கொள்வான், அவ்வளவுதான். 2021 முதல் அரசாங்கப் பள்ளிகளில் கறுப்புச் சப்பாத்து கட்டாயமாகிவிட்டது. அம்மாக்களுக்குச் செலவும் அலைச்சலும் மிச்சம், நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை முழுக்கத் தானே செய்து, பலனையும் தானே அனுபவிக்கிற ஒரு வேலை நம் வீடுகளிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்தோமா என்றால், இல்லை.

பழைய காலத்தைப் புகழ்கிறேன் என்று நினைக்கவேண்டாம். என் அப்பா கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். தாத்தாவும் பாட்டியும் இருட்டோடு பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய்விடுவார்கள், கைக்குழந்தை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையில் கிடக்கும், பள்ளி விட்டதும் பெரிய பிள்ளைகள் பால்மரத்துக்குப் போய் பால் பிடிக்கும் மங்கு துடைப்பார்கள், உறைந்த கட்டிப்பால் பொறுக்குவார்கள். "அந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன பொறுப்பு!" என்று யாராவது ஆரம்பித்தால் அப்பாவே குறுக்கே விழுவார். "பொறுப்பாவது ஒண்ணாவது, எடை கூடினாத்தான் காசு." என் அத்தை தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அந்த வாழ்க்கை திரும்ப வரவேண்டாம். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றே ஒன்று. அந்தப் பிள்ளைகளின் வேலை வீட்டுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது, அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

வாஷிங் மெஷின், ரைஸ் குக்கர் எல்லாம் இருக்கிற வீட்டில் அப்படி என்ன வேலை இருக்கிறது என்று கேட்பீர்கள். கோலாலம்பூரில் நிறைய இருக்கிறது.

எங்கள் வீட்டில் டிங்கி (டெங்கு) காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவை ஒழிப்பது மகளுடைய பொறுப்பு. உங்கள் 8 வயதுப் பெண்ணுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தோன்றவில்லை. முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால்தான் சுகாதார அமைச்சு வாரத்துக்கு 10 நிமிடம் வீட்டைச் சுற்றிப் பார்க்கச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மகள் கிளம்பிவிடுவாள். பூந்தொட்டித் தட்டு, ஐஸ்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, சாமி மேடைச் செம்பு, வாசலில் கிடக்கும் வாளி, லோங்காங்கில் (சாக்கடையில்) இலை அடைத்துத் தண்ணீர் தேங்கிய இடம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவாள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, ஓரங்களைத் தேய்த்துக் கழுவவேண்டும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான், பள்ளியில் ஜெந்திக்-ஜெந்திக் (கொசுப்புழு) பாடம் படித்துவிட்டு வந்த அன்று. சோதனைக்கு வரும் அதிகாரிகள் வீட்டில் கொசுப்புழுவைக் கண்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி 500 வெள்ளி வரை அபராதம் போடலாம். அதையும் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். 500 வெள்ளி என்றதும் கண் விரிந்தது. தெருவில் ஒரு வீட்டில் டிங்கி என்று புகை அடிக்க வந்தபோது, எங்கள் வீட்டில் எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்கு அவள்தான் காட்டிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வெட்டு அறிவிப்பு வந்தால் மகனுடைய வேலை தொடங்கும். கோலாலம்பூரும் சுற்றுப்புறமுமான கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. குளியலறைத் தொட்டி, வாளிகள், சமையலுக்குத் தனிக் குடம் என்று எல்லாவற்றையும் அவன்தான் நிரப்பி வைப்பான். குளிக்கப் போகிறவர் வாளி காலியாக இருப்பதைப் பார்த்தால் கத்துவது அவனைப் பார்த்துத்தான். மூடி போடாமல் விட்டால் தங்கையும் வந்து சண்டை போடுவாள், கொசு அவளுடைய இலாகா அல்லவா.

குப்பையும் அவனுடையது. கோலாலம்பூரில் குப்பையைப் பிரித்துப் போடும் விதி 2015 செப்டம்பரில் வந்தது. தரை வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள். எந்த நாள் எது என்பதை வீட்டில் அவன்தான் நினைவில் வைத்திருக்கவேண்டும். நான் நினைவூட்டமாட்டேன். இறால் ஓடு இருக்கிற பையை வெளியே வைக்க மறந்தால் அடுத்த லோரி வரும்வரை மூக்கைப் பொத்திக்கொண்டு திரியவேண்டியதுதான். பெற்றோருக்கு இது கஷ்டமான பகுதி. ஓடிப்போய் நாமே வைத்துவிடக் கை பரபரக்கும். வைத்துவிட்டால் அந்த வேலை அன்றிலிருந்து நம்முடையது.

அடுப்படியில் தொடங்க நெத்திலியும் தவ்கேயும் (முளைப்பயறும்) போதும். பழைய பேப்பரை விரித்து நெத்திலியைக் கொட்டி, தலையைக் கிள்ளி, இரண்டாகப் பிளந்து, கறுப்பாக இருக்கும் குடலை எடுத்துப் போடவேண்டும். தவ்கேக்கு வால் கிள்ளவேண்டும். கத்தி கிடையாது, தீ கிடையாது, ஐந்து வயதிலேயே செய்யலாம். கை வேலையாக இருக்கும்போது பிள்ளைகளுக்கு வாய் திறந்துகொள்கிறது. "ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்று எதிரே உட்கார்ந்து கேட்டால் "ஒண்ணுமில்ல" என்கிறவன், நெத்திலி கிள்ளும்போது யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை சொல்வான்.

ஏழு, எட்டு வயதில் சோறு வைக்கச் சொல்லலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் தருகிறேன். நாம் விரல் கணு வைத்துத் தண்ணீர் அளப்போமே, அதைச் சொல்லிக் கொடுக்காதீர்கள். அவர்கள் விரல் சின்னது, சோறு விறைத்துப்போகும். குக்கர் பானைக்குள் இருக்கும் கோட்டைக் காட்டுங்கள். வியாழக்கிழமை சாயங்காலம் புளி போட்டு விளக்கு தேய்ப்பது, துணி மடிப்பது, சப்பாத்துகளை அடுக்குவது இவையெல்லாம் தானாகவே பின்னால் வரும். செய்தது அரைகுறையாக இருந்தால் அவர்கள் கண் முன்னால் திரும்பச் செய்யாதீர்கள். தண்டனையாகவும் வேலை கொடுக்காதீர்கள். தப்பு செய்தவன்தான் பாத்திரம் கழுவுவான் என்று ஆகிவிட்டால், தினமும் கழுவுகிற அம்மா என்ன தப்பு செய்தாள்?

மகனைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். நம் வீடுகளில் எட்டு வயதுப் பெண் பிள்ளைக்கு யாரும் சொல்லாமலே வேலை வந்து சேர்ந்துவிடுகிறது, பதினான்கு வயதுப் பையன் முன்னால் தட்டு வந்து சேர்கிறது. என் மாமியார் நல்லவர், என் மகனைப் பாத்திரத்தோடு பார்த்த அன்று மட்டும் பொறுக்கமுடியவில்லை. "ஆம்பளப் பிள்ளைய ஏம்மா அடுப்படிக்கு இழுக்கிற?" என்றார். "நாளைக்கு மெட்ரிகுலேஷன், யுனிவர்சிட்டின்னு போனா யாரு கூடப் போறது, அத்தை?" என்று கேட்டேன். அவருக்குச் சொன்னது அது. எனக்குள் இருக்கும் காரணம் வேறு. இந்த நாட்டில் வேலைச் சந்தையில் இருக்கும் பெண்கள் பாதிக்குச் சற்றுமேல்தான். அதற்கு வெளியே இருக்கும் பெண்கள் சொல்லும் முதல் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும். படித்த பெண்கள் எத்தனையோ பேர் அதில் இருக்கிறார்கள். என் மகன் கட்டிக்கொண்டு வரும் பெண் அந்தக் கணக்கில் சேரக்கூடாது.

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு வேலை" என்ற பேச்சுக்கு நான் அதிகம் மெனக்கெடுவதில்லை. ஆறாம் ஆண்டு அரசாங்கத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-ல் போய்விட்டது, படிவம் 3 தேர்வான பிடி3 2022-ல் போய்விட்டது, டியூஷன் மட்டும் போகவில்லை. தட்டு கழுவ 15 நிமிடம். டியூஷனுக்கும் போனுக்கும் நடுவில் அந்த 15 நிமிடம் எல்லா வீட்டிலும் கிடைக்கும்.

இனி உங்கள் 14 வயது மகன். மகளைக் கொசு வேட்டையில் இறக்கிவிடலாம், அவனை அப்படி இறக்கமுடியாது. தட்டில் தொடங்காதீர்கள், அதில்தான் இவ்வளவு நாள் சண்டை நடந்திருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். சனிக்கிழமை இரவு வீட்டில் சமையல் அவனுடையது, நாசி கோரேங் (வறுத்த சோறு)தான் என்று சொல்லுங்கள். பழைய சோறு, வெங்காயம், மிளகாய், முட்டை, தங்கை கிள்ளி வைத்த நெத்திலி போதும். அன்று நீங்கள் அடுப்படிப் பக்கம் போகக்கூடாது, மாமாக் சாப்பாட்டுக் கடையில் பொட்டலம் கட்டவும் கூடாது. அவன் செய்யாவிட்டால் எல்லோருக்கும் பட்டினி. அரை மணி நேரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், தங்கை பசிக்குது என்று அழ ஆரம்பித்ததும் எழுந்துவிடுவான். முதல் சில வாரம் உப்புக் கரிக்கும். வெள்ளரிக்காயை நிறைய நறுக்கி வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுங்கள். ஆனால் சட்டியையும் அவன்தான் கழுவவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடித்த சட்டி உங்கள் தலையில்தான் விழும்.